பெரியவர் இரண்டு, குழந்தைகள் இரண்டு

அந்தச் சனிக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு முன்னறையில் ஆறு பேர் இருந்தார்கள்.

சன்னலோரத்து மர நாற்காலியில், விருந்தாளி என்ற முறையில், கீழ்த்தளத்து டிராவல்ஸ்காரர். அவர் மடியில் லேப்டாப். கட்டிலின் தலைமாட்டில் தபாலக்காவின் தம்பி மனைவி. கால்மாட்டில் அவளுடைய அண்ணன் கண்டக்டர். இருவருக்கும் நடுவே இன்னும் மடிக்காத துணிக்குவியல். தரையில், சுவரில் சாய்ந்தபடி, தம்பியின் பிள்ளைகளில் பதினொரு வயது மூத்தவள். அவளுக்கு அடுத்தவன், ஏழு வயது, வீட்டில் எல்லாரும் ‘வாலு’ என்று கூப்பிடுகிறவன், உட்காரவே இல்லை. கதவு நிலையில் முதுகை ஒட்டி, குதிகாலைத் தூக்கிக்கொண்டு நின்றான். சமையலறை வாசலில் போட்ட முக்காலியில் தபாலக்கா.

யாரை மனதில் வைத்து இந்தக் கூட்டம் கூடியதோ, அவன் மட்டும் அங்கே இல்லை. தபாலக்காவின் தம்பி இரண்டு வருஷமாகச் சிறையில் இருந்தான். மருந்துக் கிடங்கில் ஸ்டோர் கீப்பராக இருந்தவன், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டான். கணக்குப் பார்க்க வந்த அன்று சரக்கு இல்லை, கையெழுத்து இருந்தது. மூன்று வருஷத் தண்டனை. நன்னடத்தை மனு ஏற்கப்பட்டால் அடுத்த மாதம் இரண்டாம் தேதி வெளியே வந்துவிடுவான், வந்ததும் முதல் வேலையாகப் பிள்ளைகளைத் தீம் பார்க் கூட்டிப்போவான் என்பதுதான் ஆறு மாதமாக இந்த வீட்டின் பேச்சு, மூச்சு எல்லாம்.

மனு தள்ளுபடியாகிவிட்டது. அது அந்த ஆறு பேரில் ஒருத்திக்கு மட்டும் தெரியும்.

வியாழக்கிழமை தபாலக்கா வேலை பார்க்கும் குடிநீர் வாரிய அலுவலகத்துக்கு, தபால் பிரிவுக்கே, அவள் பெயரிட்டு ஒரு கடிதம் வந்தது. தம்பி ஒருநாளும் அலுவலக விலாசத்துக்கு எழுதினவன் அல்ல. படித்துவிட்டு, கைப்பையின் உள்ளறையில் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். இரண்டு நாளாக அந்தக் கைப்பை அவளை விட்டு ஒரு முழம் நகரவில்லை. இப்போதும் மடியில்தான் இருந்தது.

“மூணு வழி இருக்குங்க,” என்று தொடங்கினார் டிராவல்ஸ்காரர். “தெளிவா சொல்லிடறேன். அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது. ஒண்ணு, பார்க்குக்குள்ளயே அவங்க சொந்த ஹோட்டல். கேட் திறக்கறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடியே நம்மள உள்ள விட்டுடுவாங்க. கூட்டம் வர்றதுக்குள்ள பெரிய சவாரியெல்லாம் முடிச்சிடலாம். மூணு நாள் முன்னாடி வரைக்கும் கேன்சல் பண்ணா முழுப் பணமும் திரும்பிடும். விலைதான் கொஞ்சம் கண்ணைக் கட்டும்.”

“ரெண்டு?” என்றாள் தம்பி மனைவி.

“ரோட்டுக்கு எதிர்ப்பக்கம் ஒரு ஹோட்டல். போட்டோ பாருங்க, நல்லாத்தான் இருக்கு. ஆப்ல போட்டா பாதி விலை. ஆனா இன்னிக்குச் சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான். இப்பவே முழுசாக் கட்டணும். கேன்சல் கிடையாது, தேதி மாத்த முடியாது, பேர் மாத்த முடியாது.”

“மூணு?” என்றார் கண்டக்டர்.

“நம்ம பேக்கேஜ்தான். பஸ்ஸு, ரூமு, டிக்கெட்டு எல்லாம் சேர்த்து. நாப்பது பேர் சேரணும்.”

“இதுவரைக்கும் எத்தனை பேர்?”

டிராவல்ஸ்காரர் தலையைச் சொறிந்தார். “உங்களைச் சேர்த்து நாலு பேர்.”

மூத்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வாலு, எதற்கென்று தெரியாமலேயே, கூடச் சிரித்தான்.

“அப்ப ரெண்டாவதுதான்,” என்றாள் தம்பி மனைவி. யோசிக்கிற பாவனைகூட இல்லை.

“அவசரப்படாதே,” என்றார் கண்டக்டர். “நான் டிக்கெட் கிழிக்கிறவன், எனக்குத் தெரியும். கிழிச்சாக் கிழிச்சதுதான். பாதி வழியில இறங்கறவன் எவ்வளவு கத்தினாலும் மீதிக் காசு வராது. மாப்பிள்ளை வர்ற தேதி ரெண்டு நாள் முன்னப்பின்ன ஆச்சுன்னா?”

“ஆகாது.”

“ஆகாதுன்னு நீ சொல்றே. அந்த ஜெயில் ஆபீசுல இருக்கறவன் சொல்லணுமே.”

“அண்ணே, கேன்சல் பண்ணிக்கலாம்னு ஒரு ரூமை எடுத்தா என்ன அர்த்தம்? அவர் வரமாட்டார்னு நாமளே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுக்கற மாதிரி. எனக்கு அந்த ரூம் வேண்டாம். ரெண்டாவதுல அவர் பேரு போட்டு எடுக்கறேன். பேர் மாத்த முடியாதுன்னா ரொம்ப நல்லது.”

சொல்லிவிட்டு முக்காலியைப் பார்த்தாள். “என்ன அண்ணி, நீங்க வாயே திறக்கல?”

தபாலக்கா நிமிர்ந்தாள். கைப்பையின் வார் அவள் விரலில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது.

“உங்கண்ணன் சொல்றதுலயும் நியாயம் இருக்கேம்மா,” என்றாள். “முதல் வழி… பிள்ளைங்க சீக்கிரம் உள்ள போலாம், பாரு.”

“பிள்ளைங்க சீக்கிரம் உள்ள போறதுக்காகவா சொல்றீங்க?”

“வேற எதுக்கு?”

தம்பி மனைவி ஒரு பாவாடையை எடுத்து நான்காக மடித்தாள்.

“அத்தை, இப்ப அளந்து பாருங்க,” என்றான் வாலு. பெரிய சவாரியில் ஏற நூற்றிருபது சென்டிமீட்டர் வேண்டும். நேற்று வீட்டுக்கு வந்த கடிதத்தில் அப்பா அதைத்தான் கேட்டிருந்தார்: ‘வாலு எவ்வளவு உயரம் என்று அளந்து எழுதவும்.’

“குதிகாலைக் கீழ வைடா முதல்ல,” என்றார் கண்டக்டர். “வெச்சேன்னா நீ அரை டிக்கெட்டு.”

எல்லாரும் சிரித்தார்கள். தபாலக்கா எழுந்து அடுப்படிக்குப் போனாள்.

*

தபாலக்காவுக்கு எதையும் கோடு போட்டுத்தான் யோசிக்க வரும். இருபத்தாறு வருஷம் உள்வரும் தபால், வெளிச்செல்லும் தபால் என்று இரண்டு பதிவேட்டில் எண் போட்டு எண் போட்டு வந்த பழக்கம். தம்பி உள்ளே போன முதல் வாரமே அவனுக்கு எழுதிவிட்டாள்: ‘அங்கே கடிதம் தொலைந்துபோகும் என்கிறார்கள். நீ எழுதுவதற்கு வலது மூலையில் எண் போடு. நானும் போடுகிறேன். எது வந்தது, எது வரவில்லை என்று தெரிந்துவிடும்.’ சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை அவன். அதனால்தான் உள்ளே போனான் என்றும் சொல்லலாம்.

பத்தரை மணிக்கு அவள் ஒரு முழுத்தாளை எடுத்து, ஸ்கேல் வைத்து நான்கு கட்டம் போட்டாள். ஹோட்டல், தூரம், கட்ட வேண்டிய விதம், ரத்து. முதல் வழியின் நன்மைகள் ஏழு வந்தன. இரண்டாவதற்கு ஒன்றே ஒன்று.

பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்த தம்பி மனைவியின் பக்கத்தில் அந்தத் தாளைக் கொண்டுபோய் மேடைமேல் வைத்தாள்.

“பாரேன். நிதானமாப் பாரு. நான் பாட்டுக்குச் சொல்லல.”

அவள் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வரிவரியாகப் படித்தாள். பள்ளிச் சீருடை தைக்கும் பட்டறையில் பட்டன் பிரிவு அவளுக்கு. இந்த ஆறு மாதமாக ஞாயிற்றுக்கிழமையும் போனாள், இந்த ஒரு பயணத்துக்காக. விரல் நுனியெல்லாம் ஊசி பட்டுக் கறுத்துக் கிடந்தது.

“ஏழு காரணம் எழுதியிருக்கீங்க,” என்றாள்.

“ஆமா.”

“எட்டாவது ஏதாவது இருக்கா?”

குழாய் ஓடிக்கொண்டிருந்தது. தபாலக்கா அதை மூடினாள். மூடியபின் அறை அமைதியானது. அந்த அமைதி அவளுக்கு வசதியாக இல்லை. மறுபடி திறந்தாள்.

“எட்டாவதுன்னா?”

“தெரியாமத்தான் கேக்கறேன். உங்க தம்பி வர்றார்னு கேலண்டர்ல மொதல்ல வட்டம் போட்டது நீங்க. எனக்கே நம்பிக்கை இல்லாம நான் படுத்துக் கெடந்தப்ப, எழுந்திரு, எழுந்து பல்லு வெளக்குன்னு அதட்டினது நீங்க. இப்ப நீங்களே கேன்சல், கேன்சல்னு நிக்கறீங்க.”

“முன்னெச்சரிக்கையா இருக்கறது தப்பா?”

“தப்புன்னு சொல்லல, அண்ணி.”

அவள் தாளை மடித்தாள். பாதியாக, பிறகு கால்வாசியாக. மேடை ஓரத்தில் வைத்து, அதன்மேல் ஒரு டம்ளரைக் கவிழ்த்தாள். அத்தோடு பேச்சு முடிந்தது.

சொல்லிவிடலாமா என்று தபாலக்காவுக்குத் தொண்டை வரை வந்தது. ‘அவளிடம் சொல்லாதே’ என்று தம்பி எழுதிய வரி கண்முன் வந்து நின்றது. எட்டு வயசில் பள்ளிக்கூடத்துக் கண்ணாடியை உடைத்துவிட்டு, ‘அக்கா, சொல்லாதேக்கா’ என்று கெஞ்சினவன் முகமும் சேர்ந்து வந்தது. அன்றைக்கும் அவள் சொல்லவில்லை. பழி பக்கத்து வகுப்புப் பையன்மேல் விழுந்தது.

சொல்லாவிட்டால், ஆறு மாத ஞாயிற்றுக்கிழமைகள் ஒரு பொத்தானை அமுக்கியதும் போய்விடும். போனால் வராது. அடுத்த சனிக்கிழமை சிறைக்குப் போய் உட்கார்ந்து, கம்பிக்கு அந்தப் பக்கத்திலிருந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு, இவள் இந்த மாடிப்படியில் எப்படி ஏறி வருவாள்?

சொன்னால்? இன்றைக்கே எல்லாம் முடிந்துபோகும். வாலு குதிகாலைக் கீழே வைத்துவிடுவான்.

மென்று விழுங்கிக்கொண்டு பாத்திரத்தைத் துடைத்தாள்.

*

ஐந்து மணிக்கு இருவரும் படியிறங்கினார்கள். இரண்டாவது திருப்பத்தில் தம்பி மனைவி நின்றாள்.

“அண்ணி, உள்ள போயிட்டா டிராவல்ஸ்காரர் இருப்பார். சொல்றதுக்கு ஏதாவது இருந்தா இங்கயே சொல்லிடுங்க.”

“என்னத்தைச் சொல்ல?” என்றாள் தபாலக்கா. குரல் அவளுடையது போலவே இல்லை. “கொஞ்சம் யோசிச்சுச் செய்யின்னுதான் சொல்வேன்.”

“சரி.”

டிராவல்ஸ்காரரின் அலுவலகம் என்பது மாடிப்படிக்குக் கீழே தடுத்த ஓர் அறை. ஒரு மேசை, ஒரு கணினி, சுவரில் கடலும் பனிமலையுமாக வெயிலில் வெளுத்துப்போன இரண்டு படங்கள். தம்பி மனைவியைக் கணினியின் முன்னால் உட்காரவைத்து, “நீங்களே போடுங்க, அப்பதான் பேரு தப்பு வராது. அடையாள அட்டையில இருக்கற மாதிரியே இருக்கணும்,” என்றார்.

அவள் ஒற்றை விரலால் தட்டினாள். வந்து சேரும் தேதி. கிளம்பும் தேதி. பெரியவர் எத்தனை? இரண்டு. குழந்தைகள் எத்தனை? இரண்டு. வயது பதினொன்று, வயது ஏழு. பெரியவர் ஒன்று என்ற கட்டத்தில் தன் பெயரை அடித்தாள். பெரியவர் இரண்டு என்ற கட்டத்தில் கோடு விட்டுவிட்டு எரிந்தது.

“அண்ணே, நீங்க போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்களேன்,” என்றாள்.

“நான் இப்பத்தான் குடிச்சேன்.”

“இன்னொண்ணு குடிங்க.”

அவர் இரண்டு பெண்களின் முகத்தையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

தம்பி மனைவி திரும்பவில்லை. திரையைப் பார்த்தபடியே கேட்டாள்:

“முப்பத்தெட்டு எங்க, அண்ணி?”

“எந்த முப்பத்தெட்டு?”

“கடுதாசி டப்பாவுல கடைசியா இருக்கறது முப்பத்தேழு. நேத்து வீட்டுக்கு வந்தது முப்பத்தொன்பது. நீங்க தபால் செக்‌ஷன்னா நான் பட்டன் செக்‌ஷன். எனக்கும் எண்ணத் தெரியும். சட்டைக்கு ஏழு, ஆறுதான் இருக்குன்னா என் கை தானா நின்னுடும்.”

ரகசியமாக எழுதினவன், அலுவலக விலாசம் போட்டு எழுதினவன், மூலையில் எண்ணைப் போடாமல் விட்டிருக்கலாம். அக்கா சொன்னது அவன் கையை விட்டுப் போகவில்லை. அடுத்த நாள் எல்லாரும் படிப்பதற்கு எழுதிய சிரிப்புக் கடிதத்தில் ஒழுங்காக அடுத்த எண்ணைப் போட்டிருந்தான்.

தபாலக்கா ஜிப்பைத் திறந்தாள். அது பாதியில் சிக்கிக்கொண்டது. இழுத்தாள். கடிதத்தை மேசைமேல் வைத்துவிட்டுச் சுவரோரத்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

அரைப்பக்கக் கடிதம்.

‘அக்கா, இதை ஆபீசுக்கு அனுப்புகிறேன். மனு தள்ளுபடியாகிவிட்டது. ஸ்டேஷனிலிருந்து வரவேண்டிய ஒரு காகிதம் வரவில்லையாம். இனி ஒன்பது மாதம் கழித்துத்தான் மறுபடி போட முடியுமாம். அவளிடம் சொல்லாதே. பார்க்க வரும்போது நானே சொல்கிறேன். அதுவரைக்குமாவது சந்தோஷமாக இருக்கட்டும். பிள்ளைகள் தீம் பார்க் பேச்சாகவே இருக்கிறார்கள் என்று நீ எழுதியதை மூன்று தடவை படித்தேன்.’

தம்பி மனைவி இரண்டு தடவை படித்தாள். அழுவாள் என்று தபாலக்கா எதிர்பார்த்தாள். அழவில்லை. கடிதத்தை விசைப்பலகைமேல் வைத்து, மடிப்பைக் கட்டைவிரலால் நீவினாள்.

“நேத்தே தெரிஞ்சிருக்கா உனக்கு?” என்றாள் தபாலக்கா.

“விஷயம் தெரியாது. விஷயம் இருக்குன்னு தெரியும். நல்லதுன்னா நீங்க தெருமுனையிலேருந்தே கத்திட்டு வந்திருப்பீங்க.”

“அப்புறம் ஏன் காலையில அந்தப் பேச்சுப் பேசினே? அவன் பேரு போட்டுத்தான் எடுப்பேன்னு?”

“நீங்க சொல்றீங்களான்னு பாத்தேன்.”

தபாலக்கா சிக்கிய ஜிப்பை இழுத்துப் பார்த்தாள்.

“முன்னறையில ஒரு தடவை கேட்டேன். அடுப்படியில ஒரு தடவை. இப்ப படியில ஒரு தடவை. மூணு தடவை, அண்ணி. நாலாவது தடவை கேக்கறப்ப நம்பரைச் சொல்லிக் கேக்க வேண்டியதாப் போச்சு.”

“அவன் சொல்லாதேன்னு எழுதியிருந்தானேம்மா.”

“அவர் எழுதினார். ரெண்டு வருஷமா ஒரே பானையில சமைச்சு ஒரே பாயில உருண்டது யாரு? நான் ஜுரத்துல கெடந்தப்ப எனக்குத் தலை வாரி விட்டது யாரு? நான் உங்களை நாத்தனார்னு நெனைக்கறதையே விட்டுட்டேன். நீங்க மட்டும் அவருக்கு அக்காவாவே இருக்கீங்க.”

வெளியே ஒரு வண்டி திருப்ப முடியாமல் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தது. யாரோ வைதார்கள். பிறகு அதுவும் நின்றது.

“தப்புதான்,” என்றாள் தபாலக்கா.

மணி ஐந்து நாற்பது. தம்பி மனைவி திரையின் பக்கம் திரும்பி, விரலை விசையில் வைத்தாள்.

“என்ன பண்றே? மூடிட்டு வா, போலாம். ஒண்ணும் வேண்டாம்.”

“உங்க அடையாள அட்டையை எடுங்க.”

“எதுக்கு?”

“பெரியவர் ரெண்டு. உங்க பேரைப் போடறேன்.”

“எனக்கா? ஊஞ்சல்ல ஏறினாலே எனக்குத் தலை சுத்தும்.”

“நீங்க கீழ நின்னு பையைப் பிடிச்சுக்குங்க. பிள்ளைங்க போகட்டும். ரெண்டு வருஷமா அதுங்க லீவுக்கு எங்கயும் போகல, ஒரு கல்யாணத்துக்குப் போகல. எங்க போனாலும் ‘உங்கப்பா எங்க’ன்னு கேப்பாங்கன்னு நான்தான் கூட்டிட்டுப் போகல. அவர் தண்டனையை அவர் அனுபவிக்கட்டும். இதுங்களும் சேர்ந்து அனுபவிக்கணும்னு எந்தக் கோர்ட்டும் சொல்லல.”

“அப்படின்னா முதல் வழியையாவது எடு. அதுல கேன்சல் இருக்கு.”

“இனிமே எதுக்கு அண்ணி கேன்சல்?” என்றாள் அவள். “இந்த நாலு பேர்ல வராமப் போறதுக்கு யாரு இருக்கா?”

அட்டையைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாகத் தபாலக்காவின் பெயரை அடித்தாள். கட்டாயம் வாசிக்கவும் என்றிருந்ததை வாசித்தாள். சம்மதம் என்ற இடத்தில் குறி போட்டாள். டீ குடித்துவிட்டு வந்த டிராவல்ஸ்காரர் பணம் கட்டுகிற பக்கத்தைத் திறந்துகொடுத்தார். ஐந்து ஐம்பத்திரண்டுக்கு ரசீது அச்சானது. பெரியவர் இரண்டாவது இடத்தில் இருந்த பெயரை அவர் கவனித்தார். கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. நல்ல மனிதர்.

படியேறும்போது தம்பி மனைவி சொன்னாள்:

“எனக்குத் தெரியும்னு அவருக்கு எழுதாதீங்க.”

“ஏன்?”

“அவரா எங்கிட்ட எதையும் முதல்ல சொன்னதே இல்ல. கையெழுத்துப் போட்டதைப் போலீஸ் வந்து சொன்னாங்க. வேலை போனதைப் பேப்பர்காரன் சொன்னான். இந்த ஒண்ணையாவது என் முகத்தைப் பாத்து அவர் வாயால சொல்லட்டும். அடுத்த சனிக்கிழமை வரைக்கும் நான் ஒண்ணும் தெரியாதவதான்.”

“ரூம் எடுத்ததை?”

“எழுதுங்க. பெரியவர் ரெண்டு, குழந்தைங்க ரெண்டுன்னு எழுதுங்க. கேன்சல் பண்ண முடியாதுன்னும் எழுதுங்க.”

“அவன் துடிச்சுப்போவான்ம்மா. தன் பேருல எடுத்துட்டோம்னு நெனைச்சு…”

“ஒரு வாரம் துடிக்கட்டும்,” என்றாள். அந்தக் குரலைத் தபாலக்கா இதற்கு முன் கேட்டதில்லை.

*

கதவைத் திறந்ததும் இரண்டும் ஓடி வந்தன.

“புக் ஆச்சா?”

“ஆச்சு.”

“நாலு பேருக்குமா?” என்றாள் மூத்தவள்.

“நாலு பேருக்கும்.”

வாலு அறையை மூன்று சுற்றுச் சுற்றி ஓடிக் கட்டிலில் விழுந்தான். மூத்தவள் ரசீதைக் கேட்டுக் கை நீட்டினாள். “அப்புறம்,” என்று அவள் அம்மா அதை மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள். நீட்டிய கையை மூத்தவள் உடனே மடக்கவில்லை. அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

சனிக்கிழமைக் கடிதம் ஏழு மணிக்குள் தபால் நிலையம் போய்ச் சேர வேண்டும். தபாலக்கா மேசைக்கு வந்து உட்கார்ந்தாள். மூலையில் தன் எண்ணைப் போட்டாள். முதல் வரி எப்போதும் ஒன்றுதான்: வந்தது எது என்ற விவரம். ‘உன் 39 கிடைத்தது’ என்று எழுதினாள். நடுவில் ஓர் எண் விட்டுப்போனது. இருபத்தாறு வருஷத்தில் அவள் தெரிந்தே ஓர் எண்ணைத் தாண்டி எழுதியது அதுதான் முதல் தடவை.

‘வாலு நூற்றுப் பதினெட்டரை சென்டிமீட்டர். குதிகாலைத் தூக்கினால் நூற்றிருபத்திரண்டு. ஹோட்டல் அறை பதிவு செய்தாகிவிட்டது. பார்க்குக்கு எதிர்ப்பக்கம். பெரியவர் இரண்டு, குழந்தைகள் இரண்டு. முழுப்பணமும் கட்டியாயிற்று. ரத்து செய்ய முடியாது. எல்லாரும் நலம்.’

எழுதியதை ஒரு தடவை படித்தாள். ஒரு வரிகூடப் பொய் இல்லை.

தாளின் அடியில் மூன்று அங்குலம் விட்டு, பேனாவோடு தம்பி மனைவியிடம் நீட்டினாள். அந்த மூன்று அங்குலம் அவளுடையது. எழுதி, மடித்துக் கொடுப்பாள். தபாலக்கா அதைப் பிரித்துப் பார்த்ததில்லை. புருஷன் பெண்டாட்டிக்கு நடுவே அவ்வளவு இடமாவது இருக்கட்டும் என்று வைத்த ஏற்பாடு. வழக்கமாகக் கால்மணி நேரம் எழுதுவாள். இன்று நின்றவாக்கில், சுவரில் தாளை வைத்து எழுதினாள். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மடித்துக் கொடுத்துவிட்டு, துணிக்குவியலில் மிச்சமிருந்ததை மடிக்க உட்கார்ந்துவிட்டாள்.

தபாலக்கா தெருவில் வேகமாக நடந்தாள். ஒவ்வோர் எட்டுக்கும் ‘துடிக்கட்டும்’ என்ற சொல் கூடவே வந்தது. இரும்புக் கட்டிலில் உட்கார்ந்து, ரத்து செய்ய முடியாது என்ற வரியையே திரும்பத் திரும்பப் பார்க்கப்போகிற தம்பி. புதன்கிழமை கடிதம் கிடைக்கும். புதன், வியாழன், வெள்ளி. மூன்று நாள். அவன் இதயம் அவ்வளவு கெட்டியானதல்ல. ஒரே ஒரு வரி போதும்: ‘அவளுக்குத் தெரியும், பயப்படாதே.’ எழுதினால் இவளுக்கு இரண்டாவது தடவை துரோகம். எழுதாவிட்டால் அவனுக்கு.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. கவுண்டர்க்காரர் பணப்பெட்டியைப் பூட்டத் தயாராக இருந்தார். “இன்னிக்கு லேட்டா?” என்றார்.

“கொஞ்சம் வேலை.”

பசை வைத்திருந்த மேடைக்குப் போனாள். பேனாவைத் திறந்தாள். தாளைப் பிரித்தாள். தன் எழுத்து முடிந்த இடத்துக்குக் கீழே பேனா முனையைக் கொண்டுபோனவள், தன்னை மீறி அதைப் படித்துவிட்டாள்.

‘அண்ணி என்னிடம் எதுவும் சொல்லவில்லை. எண்ணை வைத்து நானே கண்டுபிடித்தேன். சனிக்கிழமை வருகிறேன். இருந்தாலும் நீங்களே சொல்லுங்கள்.’

அவ்வளவுதான். கையெழுத்துக்கூட இல்லை.

தம்பி இதை எப்படிப் படிப்பான் என்று தபாலக்காவுக்குத் தெரியும். அக்கா வாக்குத் தவறவில்லை என்று படிப்பான். நிம்மதியாக மூச்சு விடுவான். அந்த முதல் வரி அக்கா படிக்கும்போது எப்படி இருக்கும் என்று அவனுக்குத் தெரியவே போவதில்லை.

பேனாவை மூடினாள். ‘துடிக்கட்டும்’ என்றவளே சொல்லிவிட்டபின் தபாலக்கா எழுத ஒன்றும் இருக்கவில்லை.

“மேடம், மூட்டை கட்டப்போறேன்,” என்றார் கவுண்டர்க்காரர்.

“இதோ.”

தாளை அதே மடிப்பில் மடித்து உறையில் போட்டாள். சிறையில் எப்படியும் உறையைக் கத்தரித்துப் பார்ப்பார்கள். இருந்தாலும் ஓரம் முழுக்கப் பசை தடவி, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை கட்டைவிரலால் அழுத்தி ஒட்டினாள். கவுண்டரில் நீட்டினாள். அவர் எடை பார்த்து, முத்திரை குத்தி, பின்னால் திறந்திருந்த மூட்டைக்குள் எறிந்தார்.